தண்ணீர் தெளிந்துவிட்டது, பூச்சிகள் எங்கே?

போன இதழில் மலையோடைகளில் கல்லைப் புரட்டிப் பூச்சி பார்ப்பது பற்றி நாலே நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டன. யானை பற்றியும் பாம்பு பற்றியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் காட்டிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று இருக்கிறது. வருடா வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகளைக் காட்டுவேன். போன கோடையில் மேலே மண் சாலை வெட்டினார்கள், மழை வந்ததும் ஓடை செம்மண் குழம்பாக ஓடியது. இப்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஆனால் கல்லைப் புரட்டினால் ஒன்றையும் காணோம். விஷம் ஏதாவது கலந்திருக்குமோ?
*- ஒரு பள்ளி ஆசிரியை, வால்பாறை*

டீச்சர், விஷம் எதுவும் கலக்காமலேயே இது நடக்கும். வெறும் மண் போதும். கலங்கல் தெளிந்துவிட்டது என்றால் மண் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி எங்கேயும் போகவில்லை, படுகைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. நிற்கிற தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க இரண்டு நிமிடம்தான் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு ஏறத்தாழ 13 நாள். அதனால் நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிற மெல்லிய களிமண் பெரும்பாலும் ஓடையோடு போய்க் கீழே இருக்கிற அணையில் சேர்ந்துவிடுகிறது. பொடி மணலும் வண்டலும்தான் தங்கிவிடுகின்றன. ஓடுகிற தண்ணீரில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, சுழல் தூக்கிக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூழாங்கல் படுகைக்குள்ளேயும் தண்ணீர் நுழைந்து வெளியே வருகிறதே, அப்போது படுகை ஒரு வடிகட்டி மாதிரி வேலை செய்து நுண்வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே தண்ணீர் பளிங்கு, கீழே காப்பி வடிகட்டியில் மிஞ்சிய சக்கை மாதிரி அடைப்பு.

உங்கள் பிள்ளைகள் பார்த்த பூச்சிகள் குடியிருந்தது அந்த வடிகட்டிக்குள்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்குகள்தான் அவற்றுக்கு வீதி, வீடு, வெள்ளம் வந்தால் ஒதுங்குகிற திண்ணை எல்லாம். அந்த இடுக்குகளில் மண் நிரம்பினால் இடம் போகிறது, அதைவிட முக்கியமாக, உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் அதோடு வந்த ஆக்சிஜனும் நின்றுபோகின்றன.

அப்புறம் ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியாக ஒரு கஷ்டம். மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் இருக்கிறதே (வாலில் மெல்லிய மயிர் போல மூன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான்), அதற்குச் செவுள்கள் வயிற்றின் இரண்டு பக்கமும் இலை இலையாக வெளியே இருக்கின்றன. அதில் வண்டல் படிந்தால் மூச்சு முட்டும், அதை உதறிக்கொண்டே இருப்பதில் தின்றதெல்லாம் செலவாகிவிடும். கேடிஸ்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் புழுக்களில் சில, வாயிலிருந்து பட்டு நூல் விட்டுக் கற்களுக்கிடையே வலை கட்டி, தண்ணீரில் வருவதை அரித்துத் தின்பவை. நம் ஊர் மீனவர் வலையில் சேறு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அதே கதைதான். கல்லின் மேல் இருக்கும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்பவற்றுக்கு ஒவ்வொரு வாய்க்கும் பாதி மண். சில மேஃப்ளைப் பெண்பூச்சிகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் உட்கார்ந்து, அப்படியே நீருக்குள் நடந்து இறங்கி, கல்லின் அடிப்பக்கத்தில் முட்டை வைக்கும். அடிப்பக்கமே மண்ணில் புதைந்திருந்தால் எங்கே போய் வைப்பது?

காட்டோடைக்கு என்றே ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. மரங்கள் கூரை போட்டிருப்பதால் வெயில் குறைவு, பாசியும் குறைவு, அங்கே சாப்பாடு என்பது பெரும்பாலும் மேலிருந்து விழுகிற இலைதான். விழுந்த இலையை உடனே யாரும் தொடமாட்டார்கள். நீருக்குள் வாழும் பூஞ்சைகள் முதலில் அதில் குடியேறி ஊறப்போட்டு மெதுவாக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் இலை கிழித்துத் தின்னும் பூச்சிகள் வரும். வெறும் வாழையிலைக்கும் பரிமாறிய வாழையிலைக்கும் உள்ள வித்தியாசம். அந்த இலைக்குவியல் மண்ணுக்கடியில் புதைந்துவிட்டால் காற்றில்லாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பரிமாறின பந்தியில் மண் போட்ட மாதிரி.

உங்கள் பூச்சிகள் எல்லாம் செத்துப்போயின என்றும் சொல்லமாட்டேன். மண் வர ஆரம்பித்தவுடன் நிறையப் பூச்சிகள் கல்லைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு கீழே போய்விடும். சாதாரண நாளிலும் இப்படிக் கொஞ்சம் போவது உண்டு, பெரும்பாலும் இரவில். கலங்கல் வந்தால் ஊரே காலிசெய்யும்.

தென்மேற்குப் பருவமழை வந்தால் ஆறு கலங்காமல் என்ன செய்யும்? பூச்சிகள் லட்சக்கணக்கான வருடமாகப் பார்க்காத வெள்ளமா? எதற்கெடுத்தாலும் தேயிலைத் தோட்டத்தைக் குறை சொல்வது உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.
*- ஓய்வுபெற்ற எஸ்டேட் மேலாளர், குன்னூர்*

ஐயா, போன இதழில் தேயிலை என்ற சொல்லையே நான் எழுதவில்லை, இருந்தாலும் சரி, கேள்வி நியாயமான கேள்வி.

மண் என்பது ஓடைக்கு எதிரி இல்லை. காட்டாறு எப்போதுமே மண் கொண்டுவரும். மண்ணுக்குள்ளேயே வாழ்கிற மேஃப்ளைகள் உண்டு, மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு இரைக்குக் காத்திருக்கும் தட்டான் குஞ்சுகள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே காலை ஆட்டி ஆட்டித் துணையைக் கூப்பிடும் நடனத் தவளைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒரு வகையின் தலைப்பிரட்டைகள் ஓடைப் படுகையின் சரளைக்குள்ளே புதைந்து வாழ்கின்றன, அவற்றின் குடலில் மணல் இருந்தது என்பதை 2016இல்தான் விஞ்ஞானிகள் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது, சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தேன், உங்கள் கேள்வி வசதியாகப் போயிற்று.

பருவமழை வெள்ளம் மண்ணைக் கொண்டுவரும்போதே கல்லையும் உருட்டும், படுகையை அலசியும் விடும். கொண்டுவருவதும் அதுவே, கழுவுவதும் அதுவே. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தபோது அந்தப் பக்கத்து ஓடைகளில் எந்தப் பூச்சி எந்தக் கல்லில் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, ஆனாலும் அப்படிப்பட்ட அடி எப்போதாவது ஒருமுறை விழுவது. அடி பொறுக்கிற பூச்சிகள்தான் இவை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதக் கோடைமழை அரைமணி நேரம் பெய்கிறது. காட்டுத் தரையில் சருகு மெத்தை இருந்தால் அந்த மழையில் சொட்டு மண் வராது. ஆனால் திறந்து கிடக்கிற சாலையிலிருந்து வரும், அதுவும் ஓடையில் தண்ணீர் குறைவாக, தூக்கிக்கொண்டு போகச் சக்தி இல்லாமல் இருக்கிற நேரத்தில் வரும். வந்தது வந்த இடத்திலேயே உட்காரும். இப்படி ஒவ்வொரு சின்ன மழைக்கும், திரும்பத் திரும்ப. பெரிய வெள்ளத்தைத் தாங்கியவை இந்தச் சின்னச் சின்னத் தொந்தரவைத் தாங்குவதில்லை.

தேயிலை பற்றி நீங்களே கேட்டுவிட்டதால் சொல்கிறேன். அடர்ந்து மூடிய பழைய தேயிலை, கவாத்து செய்த தழையை அப்படியே தரையில் விட்டிருந்தால், மண்ணை நன்றாகவே பிடித்து வைக்கும். பிடுங்கிப் புதுக்கன்று நட்ட சரிவும், களைக்கொல்லி அடித்துச் சொட்டையாக விட்ட வரிசையும் பிடிக்காது. எது எந்தத் தோட்டம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் நீலகிரியில் தேயிலையைவிட மலைக்காய்கறி நிலங்கள்தான் அதிகம் கவலை தருகின்றன, சரிவில் உருளையும் கேரட்டும் எடுத்த பிறகு மண் வெறுமையாக நிற்கும்போது மழை வரும், போதாததற்குக் கேரட் கழுவுகிற இயந்திரத்தை ஓடைக்கரையிலேயே வைத்து அந்தச் செம்மண் தண்ணீரை நேராக ஓடையில் விட்டவர்களும் உண்டு.

கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டை உரசினால் தெளிந்துவிடும் என்று பாட்டி சொல்வார். ஓடைக்கு அந்த வைத்தியம் செய்யக் கூடாதா?
*- ஒரு வாசகி, மதுரை*

பாட்டி சொன்னது சத்தியம். களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, கொட்டையிலிருந்து கரைந்து வருவது அவற்றைப் பிடித்து ஒட்டவைத்துக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடுகிறது. குடத்துக்கு அது வைத்தியம், ஏனென்றால் நாம் மேல்தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஓடையில் குடத்தின் அடியில்தானே குடும்பமே இருக்கிறது! போகிற மண்ணைப் பிடித்துப் பூச்சிகளின் தலையில் இறக்கின மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் கொசுப் புழுக்கள்தானே? ஒழிந்தால் நல்லதுதானே?
*- பெயர் வேண்டாம் என்றவர், கோவை*

இல்லை. கொசு, வேகமாக ஓடுகிற தண்ணீரில் முட்டை வைக்காது, பெரும்பாலும் தேங்கிய இடத்தையோ மெதுவாக நகரும் ஓரத்தையோதான் தேடும். ஓடையில் பிறந்து நம்மைக் கடிக்கிற ஒரு சின்னக் கறுப்பு ஈ உண்டு, அதன் புழுக்கள் வேகநீரில் பாறையில் ஒட்டியிருக்கும். நான் இங்கே சொன்ன மற்றப் பூச்சிகளுக்கு உங்கள் ரத்தத்தில் அக்கறை இல்லை. வளர்ந்த மேஃப்ளைக்குத் தின்ன வேலைசெய்கிற வாயே கிடையாது.

கருவி எதுவும் இல்லாமல் ஒரு ஓடையில் வண்டல் பிரச்சினை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரிப் ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.
*- விலங்கியல் மாணவர், தேனி*

தம்பி, முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வயதில் நானும் இப்படி ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். இரண்டு ஓடை, ஒரே அளவு வலை, இரண்டிலும் பிடிபட்டதை உட்கார்ந்து எண்ணினேன். கெட்டுப்போனது என்று எல்லாரும் சொன்ன ஓடையில்தான் எண்ணிக்கை அதிகம். பெரிய கண்டுபிடிப்பு என்று எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் தட்டைப் பார்த்தார், சிரித்தார். அத்தனையும் சிவப்பு ரத்தப்புழுவும் சேற்றுப்புழுவும். மீன்தொட்டிக் கடையில் விற்பார்களே, அந்த வகையறா. ரத்தப்புழுவுக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். எத்தனை என்று எண்ணுவதால் பயனில்லை, யார் யார் என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

சரி, செய்முறை. வேகமாக, ஆழமில்லாமல், சலசலவென்று ஓடும் இடத்தைத் தேர்ந்தெடு. கையளவுக் கல் ஒன்றைத் தூக்கு. சுலபமாக வந்து, அடியில் இருட்டுக் குழி தெரிந்தால் நல்லது. பாதிக்கு மேல் மண்ணில் புதைந்து, பிடுங்கி எடுக்கவேண்டி வந்து, எடுத்த இடத்திலிருந்து புகை மாதிரி வண்டல் கிளம்பினால் விஷயம் இருக்கிறது. குதிகாலால் படுகையை அரை நிமிடம் கிளறி, அந்தப் புகை எவ்வளவு தூரம் போகிறது என்றும் பார்க்கலாம். கிளறும்போது கீழ்ப்பக்கத்தில் கொசுவலைத் துணியை இரண்டு குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டால் பூச்சிகள் தானாக வந்து மாட்டும். அவற்றை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு கொட்டு. வயிற்றின் பக்கவாட்டில் செவுள் இலைகள் ஆடினால் மேஃப்ளை. இரண்டே வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை, அதற்கு வயிற்றில் அந்த இலைகள் இருக்காது. வாலை மட்டும் எண்ணி முடிவு கட்டாதே, நம் மலைகளில் இரண்டு வால் மேஃப்ளைகளும் உண்டு, நானே ஏமாந்திருக்கிறேன். மணலையோ குச்சியையோ ஒட்டிச் செய்த குழாய்க்குள்ளிருந்து தலை நீட்டினால் கேடிஸ்ஃப்ளை. இந்த மூன்று கூட்டமும் கலந்து இருந்தால் ஓடை பெரும்பாலும் நலம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பமும் வண்டலைத் தாங்குமா தாங்காதா என்று வகைப்படுத்தி, தாங்காதவை எத்தனை பங்கு மிஞ்சியிருக்கின்றன என்பதை வைத்தே ஓடைக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எதையும் எழுதாதே. மண் சேர்கிற இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி ஆழமும் வேகமும் உள்ள இடமாக. புரட்டிய கல்லை அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிடு. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதே. மேலே மலையில் மேகம் கறுத்தால் தட்டைப் போட்டுவிட்டுக் கரையேறு. அட்டைக்கடிக்கு என்னிடம் மருந்து இல்லை.

எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வரவே சாலை வேண்டும். பூச்சிக்காகச் சாலை போடாதே என்கிறீர்களா?
*- ஊராட்சி உறுப்பினர், கோத்தகிரி வட்டாரம்*

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. சாலை வேண்டும். எங்கே தண்ணீர் விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில், வட கரோலினா மலைக்காட்டில், கோவீட்டா என்று ஒரு நீரியல் ஆய்வகம் 1934 முதல் இயங்குகிறது. அங்கே 59 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1976இல் சாலை வெட்டி, 1977இல் மரங்களை வெட்டினார்கள், ஓடைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே. மரங்களைக் கம்பிவடம் கட்டித் தூக்கி எடுத்ததால் தரை அதிகம் கிளறப்படவில்லை. சாலையோ, புல் முளைத்துப் பிடிப்பதற்கு முன்பே கனமழையில் அரித்துக்கொண்டு போனது. வெட்டிய மரங்களைவிட வெட்டிய சாலைதான் ஓடைக்கு மண்ணைக் கொடுத்தது. பூச்சிகளை எண்ணியவர்கள் கண்டது இன்னும் சுவாரசியம்: பாசி படர்ந்த செங்குத்துப் பாறைகளில், அதாவது வேகநீர் மண்ணைத் தங்கவிடாத இடங்களில், பல பூச்சிகள் அதிகரித்திருந்தன, மரம் போனதால் வெயில் விழுந்து பாசி பெருகியது. அதே ஓடையில் மணலும் சரளையுமான தட்டை இடங்களில் குறைந்திருந்தன. ஒரே ஓடை, ஒரே வருடம், பாறைக்காரர்களுக்கு விருந்து, சரளைக்காரர்களுக்குப் பட்டினி.

அந்த ஆய்வகத்தார் சொன்ன சாலை யோசனைகள் எல்லாம் நம் ஊர்ப் பொறியாளர்களுக்கும் தெரிந்தவைதான். மழைக்காலத்துக்கு முன்பே மண்வேலையை முடிப்பது, வெட்டிய சரிவில் அன்றைக்கே புல் விதைப்பது, ஓடையைக் கடக்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரம் முன்பும் பின்பும் ஜல்லி போடுவது. முக்கியமானது ஒன்று. மலைச் சாலையின் உள்பக்கம் ஓடும் சாக்கடை வாய்க்காலை இறக்கத்தோடு இறக்கமாக விட்டு நேராக ஓடையில் சேர்க்கிறோமே, அதை மாற்றி, வழியில் ஆங்காங்கே சாலையைக் குறுக்கே தாழ்த்தியோ குழாய் பதித்தோ அந்தத் தண்ணீரைக் காட்டுத் தரையில் பிரித்து விட்டுவிட்டால், சருகும் வேரும் மண்ணை வடிகட்டிவிடும். அரைக் கிலோமீட்டர் வாய்க்காலின் மண் முழுவதும் ஒரே பாலத்தடியில் வந்து விழாது. ஆம்புலன்ஸுக்கும் நல்லது, அரித்துப்போகாத சாலை பாருங்கள்.

போன பூச்சிகள் திரும்பி வருமா? எத்தனை நாளில்?
*- பலர் (வால்பாறை டீச்சரின் மாணவர்கள் ஏழு பேர் தனித்தனிக் கடிதத்தில்)*

பிள்ளைகளா, வரும். மேல் ஓடையிலிருந்து இரவில் மிதந்து வரும், இறக்கை முளைத்த பெண்பூச்சிகள் பறந்து வந்து முட்டை வைக்கும். மண் வருவது நின்று, ஒரு நல்ல வெள்ளம் படுகையை அலசிவிட்டால், சில வகைகள் சில மாதங்களிலேயே வந்துவிடும். ஆனால் வந்து இறங்க இடம் வேண்டும், மண் நிற்காதவரை வருகிறவை வந்த வழியே போய்க்கொண்டிருக்கும்.

எல்லா வகையும் வருமா என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். முன்னே சொன்ன கோவீட்டா ஓடையில் 16 வருடம் கழித்துப் பார்த்தபோதும் பூச்சிக் கூட்டம் பழைய நிலைக்கு நெருங்கியிருந்ததே தவிர முழுதாகத் திரும்பவில்லை. அதே வட கரோலினா மலைப்பகுதியில் 1998இல் வெளியான இன்னொரு ஆய்வு, 1990களில் ஓடைகளில் எத்தனை வகைப் பூச்சி இருந்தது என்பதைச் சுற்றிலும் அப்போது இருந்த காட்டைவிட, 1950களில் அந்த இடம் காடாக இருந்ததா வயலாக இருந்ததா என்பதுதான் சரியாகச் சொன்னது என்று கண்டது. மரம் வளர்ந்து நாற்பது வருடம் ஆகியும் ஓடை பழைய உழவை மறக்கவில்லை.

உங்கள் ஓடையில் எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். புதுச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலே போய், டீச்சரும் பெரியவர்கள் யாராவதும் கூட இருக்கும்போது, பத்துக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். அங்கே மேஃப்ளையும் ஸ்டோன்ஃப்ளையும் இருக்கின்றனவா, எந்தக் கல்லில் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.